ஏற்புரைக்கு முன்

இன்னும் இந்த மனுஷன் தாத்தாவையே தாண்டல. ‘ஐந்தாம் தலைக்கட்டு’ நாவலைப் பத்திப் பேசக் கூப்பிட்டா முதல் தலைக்கட்டிலேயே குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கார். கால் மணி நேரம்னு சொல்லித்தான் மைக்கைக் குடுத்தாங்க. தணிகாசலம் சார் மேடை ஓரத்துல நின்னு வாட்சைத் தட்டித் தட்டிக் காட்டறார், இவர் கண்ணை மூடிக்கிட்டுப் பேசறார். நான் என்ன சொல்வேன்னா, எண்ணூறு பக்கத்துல ஒருத்தனாவது சாப்பிட்டுட்டுக் கை கழுவினானா? ஜமீன் எரியுது, குதிரை சாகுது, ஆறு கரையை உடைக்குது, ஆனா சமையக்கட்டுல யார் இருந்தாங்க, யார் எச்சில் எடுத்தாங்க, ஒரு வரி கிடையாது. முதல் பக்கத்துல வம்சாவளி வரைபடம் வேற. அதுல பொம்பளைங்க பேர் ஒண்ணு ரெண்டு, மீதியெல்லாம் கோடு. கோடுதான் புள்ளை பெத்திருக்கு. இதையெல்லாம் எங்க வாசகர் வட்டத்து வாட்ஸப் குரூப்ல எழுதினதுக்கு ஒரு வாரம் எனக்கு யாரும் காலை வணக்கம் போடல. போடாட்டிப் போங்க. குமுதவல்லி மேடத்துக்கு வாய் நீளம்னு பேர் ஆயிடுச்சு, அதனாலதான் தணிகாசலம் சார் போன் பண்ணினார். வேதவல்லி நினைவு நாவல் பரிசுக்கு அஞ்சு நாவல் குறும்பட்டியல்ல வந்திருக்கு மேடம், திருச்சியிலயே கூட்டம் வைக்கறோம், நாவலுக்கு ஒரு வாசகர் பேசணும், உடனே அந்த எழுத்தாளர் ஏற்புரை, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நடுவர்கள் முடிவு, நீங்க எதை எடுத்துக்கறீங்கன்னு கேட்டார். அஞ்சாவதுன்னேன். பட்டியல் பேப்பர்லயே வந்திருந்துச்சு, அவர் சொல்லி முடிக்கக்கூட இல்ல. ‘ஈரத்துணி’யா மேடம், அதைப் படிச்சிட்டு அழாத ஆளே இல்லன்னார். ஆமா சார், நானும் அழுதேன்னு சொன்னேன்.

மேடையில அஞ்சாவது நாற்காலியில உக்காந்திருக்கான். எழிற்கனல். பேரைப் பாரு, எழிற்கனல். எங்க வீட்டுல அவன் பாபு. பள்ளிக்கூடத்துல ஞானசுந்தரம். என் கூடப்பொறந்த தம்பி, எனக்கு ஏழு வயசு சின்னவன், இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். அவன் பொண்டாட்டியைத் தவிர இந்த ஹால்ல இருக்கறவங்க ஒருத்தருக்கும் அது தெரியாது. எப்படித் தெரியும், அவன் நாவல்ல அக்காவே கிடையாதே. ஒரு அம்மா, ஒரு மகன், ஒரு வீடு, பக்கவாதத்துல படுத்த அம்மாவை ஒத்தையாளா வச்சுப் பாத்துக்கற மகன். நான்னு சொல்லித்தான் கதையே போகுது. நான் துணியை வெந்நீரில் நனைத்தேன். நான் அம்மாவைப் புரட்டினேன். நான் நான் நான். அடப்பாவி. நீ எப்படா புரட்டினே? மெட்ராஸ்ல ஏசி ரூம்ல நாற்காலியைப் புரட்டிப் போட்டு உக்காந்திருந்தே. தாலுக்கா ஆபீஸ்ல சம்பளமில்லா லீவு போட்டு, அப்புறம் வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, அம்மா கட்டில் பக்கத்துல பாய் விரிச்சவ நான். கை தட்டறாங்க. தாத்தா செத்துட்டார் போலிருக்கு. இல்ல, பேச்சு முடிஞ்சுடுச்சு. ஜமீன் நாவல்காரர் ஏற்புரைக்கு எழுந்திரிக்கறார்.

இந்த ஏற்புரைதான் எனக்குப் பயம். பன்னண்டு வருஷமாப் பாக்கறேன், எந்தக் கூட்டத்துலயும் கடைசி வார்த்தை எழுத்தாளருக்குத்தான். நீ என்ன வேணா பேசு, அவர் கையைக் கூப்பி, விமர்சனங்களைத் தலைவணங்கி ஏற்கிறேன்னு ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல உன்னை மண்ணாக்கிட்டு, நன்றி வணக்கம்னு உக்காந்துடுவார். நீ கீழே உக்காந்து, போத்தின பொன்னாடையை மடியில வச்சுக்கிட்டு, திருப்பிப் பேச முடியாம முழிக்கணும். பொன்னாடையும் முன்னாடியே போத்திடறாங்க, பேசறதுக்கு முன்னாடி. போத்தினப்புறம் திட்ட மனசு வருமா மனுஷனுக்கு? அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. நான் என் அம்மாவைப் பத்தி, என்னைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டு இறங்கினேன்னு வை, பாபு என்ன பண்ணுவான்? மைக்கைப் பிடிச்சு, தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பா வச்சுக்கிட்டு, என் அக்கா மனசு உடைஞ்சு பேசறாங்க, அவங்க துயரத்தை வணங்கறேன், நாவல் என்பது புனைவுதானேன்னு சொல்வான். ஹாலே உச்சுக்கொட்டும். பாவம், வயசான பொம்பளை, தம்பி பேரெடுத்துட்டான்னு வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்களே சொல்வாங்க. வயித்தெரிச்சல்தான். ஏன் எரியக் கூடாது?

ரெண்டாவது நாவல், ‘பனிக்குள் ஒருவன்’. ஒரு காலேஜ் பொண்ணு பேச வந்திருக்கு, நல்லாத்தான் பேசுது. கதாநாயகன் ஜெர்மனியில தனிமையில வாடறானாம். காலையில காபி போடறான், ஜன்னல்ல பனியைப் பாக்கறான், இருத்தலைப் பத்தி யோசிக்கறான். சாயங்காலம் மறுபடி காபி. எனக்கு அந்தாளு மேல பரிதாபமே வரல, அவன் குடிச்ச காபி கப்பையெல்லாம் யார் கழுவினான்னுதான் இருந்துச்சு. எனக்கு எந்தப் புஸ்தகத்தைப் படிச்சாலும் இப்பெல்லாம் இதே புத்தி. கழுவினது யாரு. எடுத்துப் போட்டது யாரு. அம்மா படுக்கையில விழுந்தப்புறம் வந்த புத்தி இது. அதுக்கு முன்னாடி நானும் பனியைப் படிச்சா பனியைப் பாத்து உருகினவதான். ஞாயித்துக்கிழமை தவறாம பாபு போன் பண்ணுவான். அம்மா எப்படி இருக்குக்கா, விவரமாச் சொல்லுக்கா. நான் சொல்வேன். முதுகுல புண்ணு வந்திருச்சுடான்னா, எந்த இடத்துல, எவ்வளவு பெருசு, என்ன கலர்ல இருக்குன்னு கேப்பான். எப்படிப் புரட்டுவேன்னு கேப்பான். துணியை எப்படிப் பிழிவேன்னு கேப்பான். கஞ்சி வாயோரமா வழிஞ்சா எந்தக் கையால துடைப்பேன்னு கேட்டான் ஒரு நாள். என் தம்பிக்கு எத்தனை பாசம், வர முடியாம எப்படித் தவிக்குது பாருன்னு அம்மா காதுல போய்ச் சொன்னேன். போன்ல டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும், ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வேலை பாக்கறான் போலன்னு நினைச்சுக்குவேன். டைப் அடிச்சுக்கிட்டிருந்திருக்கான். என் வாயிலேர்ந்து வரவர அடிச்சுக்கிட்டிருந்திருக்கான். செருப்பாலடிக்கணும் என்னை, பிழியறதை எப்படின்னு அவ்வளவு நுணுக்கமாச் சொன்னதுக்கு. இல்ல, என்னை ஏன் அடிக்கணும். அவனைத்தான் அடிக்கணும்.

முன்வரிசையில அவன் பொண்டாட்டி சுகந்தி. என்னைப் பாத்ததும் திக்குன்னு ஆயிட்டா, அப்புறம் சிரிச்சா, அண்ணி நீங்களான்னு கையை ஆட்டினா, கிட்ட வரல. பாபுவுக்கு நான் பேசப்போறது மேடையில ஏறினப்புறம்தான் தெரிஞ்சிருக்கு, அழைப்பிதழ்ல ‘ஒரு வாசகர்’னு மட்டும்தான் போட்டிருந்தாங்க. பாத்தான். முகம் ஒரு நொடி சின்னப்பையன் முகமா ஆச்சு, ஜட்டியோட மாட்டிக்கிட்ட முகம். அப்ப எனக்கே கொஞ்சம் இளகுச்சு, நிஜத்தைச் சொல்றேன், போயிட்டுப் போறான், நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடலாமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு. உடனே போன் அதிர்ந்துச்சு. மேடையிலேர்ந்தே அனுப்பியிருக்கான். அக்கா நீ பேசறியா, ரொம்ப சந்தோஷம், ஒண்ணே ஒண்ணு, வீட்டு விஷயம் வேண்டாம், நடுவர்ங்க உக்காந்திருக்காங்க, சாயங்காலம் ஹோட்டலுக்கு வா பேசிக்கலாம். கூடவே ஒரு கும்பிடற கை பொம்மை. அவ்வளவுதான், இளகினதெல்லாம் கெட்டியாயிடுச்சு. வீட்டு விஷயம் வேண்டாமாம். அந்தப் புஸ்தகத்துல முன்னூறு பக்கமும் வேற என்னடா இருக்கு?

மூணாவது நாவல் நடக்குது, எனக்கு ரத்தம் கொதிக்குது. ‘நிற்பவர்கள்’. இந்த அஞ்சுல உருப்படியானது அதுதான். ஜவுளிக்கடையில நாள் பூரா உக்காரக் கூடாதுன்னு நிக்க வைக்கற பொண்ணுங்க கதை. அந்தக் கடையிலயே வேலை பாத்த பொண்ணு எழுதினது, செந்தாமரைன்னு பேரு, நூத்தி நாப்பது பக்கம், ஒரு அலங்காரம் கிடையாது. அதுல ஒரு பொண்ணு டாய்லெட்டுக்குள்ள போய் ரெண்டு நிமிஷம் சுவத்துல சாஞ்சு நிக்கற இடம் வருது பாருங்க, அவ அழல, சாஞ்சுக்கறா, அவ்வளவுதான். நான் புஸ்தகத்தை மூடிட்டு எழுந்து போய் என் கால்ல எண்ணெய் தேய்ச்சுக்கிட்டேன். அதைப் பத்திப் பேச ஒரு ரிட்டயர்டு ஆபீசரைப் போட்டிருக்காங்க, அவர் முன்னுரையை மட்டும் படிச்சிட்டு வந்திருக்கார். சத்தியமா. முன்னுரை எழுதினவர் சொன்ன அதே மூணு விஷயத்தை அதே வரிசையில சொல்றார், நடுவுல வள்ளுவரைக் கூப்பிட்டுக்கறார், நாவல்ல ஆம்பளை ஓனரே வரல, இவர் ஓனரைக் கண்டிக்கறார். அந்தப் பொண்ணு மேடையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கு. ஏற்புரையில ரெண்டே வார்த்தை, எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துடுச்சு. நடுவர்ல ஒருத்தர் அப்பத்தான் கொட்டாவி விட்டார். இந்தப் பொண்ணுக்குப் போக வேண்டிய பரிசை எங்க அம்மா பீத்துணியைக் காட்டி இவன் வாங்கிட்டுப் போகப்போறான்.

இத்தனைக்கும் ‘ஈரத்துணி’ மோசமான நாவல்னு சொல்ல முடியலையே, அதுதான் எனக்குத் தாங்கல. குப்பையா இருந்தா கிழிச்சுப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். முதல் தடவை படிச்சப்ப, எனக்கே என் கை தெரிஞ்சுது. அம்மா அக்குளைத் துடைக்கறப்ப அது கூச்சத்துல சிரிக்குமே, பாதி வாய் மட்டும் சிரிக்கும், அது அப்படியே இருக்கு. என் வாயால சொன்னது அச்சாகி என் கைக்கே வந்து, அதைப் படிச்சு நானே தேம்பினேன்னா என்ன கேவலம். அப்புறம் அந்தப் புடவை அத்தியாயம் வந்துச்சு. மகன் அம்மாவுக்குப் புடவை மாத்தறான். பக்கம் பக்கமா. உடம்பு, வயிறு, பிரசவத் தழும்பு, எல்லாம். இதைத்தான் எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க, இப்படி ஒரு மகனைத் தமிழ்ல யாரும் எழுதலையாம், எவ்வளவு தைரியம்ங்கறாங்க. எங்க அம்மா ராஜாமணியை இவங்களுக்குத் தெரியாது. வலப்பக்கம் பூரா செத்துக் கிடந்தப்பவும் வாசல்ல ஆம்பளைக் குரல் கேட்டா இடது கையால போர்வையைத் தேடும். பாபு ஒரே ஒரு தரம் பொங்கலுக்கு வந்தானே, நான் அப்பத்தான் துடைச்சுக்கிட்டிருந்தேன், அவன் குரல் கூடத்துல கேட்டதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்ச பிடி இருக்கே, நகம் பதிஞ்சு போச்சு. பெத்த புள்ளையாவே இருக்கட்டும், அவன் முன்னாடி மூடணும். மூடினேன். மூடிட்டு அப்புறம்தான் உள்ளே வாடான்னு கூப்பிட்டேன். நான் மூடினதை இவன் ஊரைக் கூட்டித் தொறந்து காட்டியிருக்கான். என் பேரை எடுத்ததைக்கூட விட்டுடுவேன். அம்மா செத்தப்ப கொள்ளி அவன்தான் வச்சான், நான் தெருமுனையோட நின்னுட்டேன், பொம்பளை அதுக்கு மேல வரக் கூடாது, சரி, ஊர் வழக்கம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இதை நான் விட மாட்டேன்.

நாலாவது ‘செருப்பின் பகல்’. அதுல சுவர் பேசுது, செருப்பு பேசுது, செத்துப்போன மாடு ஒரு அத்தியாயம் பூரா பேசுது, மனுஷங்க மட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க. முற்றுப்புள்ளியே கிடையாது. வெளியிலேர்ந்து சாம்பார் வாசனை வருது, கூட்டம் நெளியுது. அடுத்தது நான். என்ன சொன்னா அவனால ஏற்புரையில துடைக்க முடியாது? புடவையைச் சொல்லலாம். புனைவுன்னுடுவான். நான்தான் பாத்துக்கிட்டேன்னு சொல்லலாம். அக்காவும் கூட இருந்தாங்கன்னுடுவான். எதைச் சொன்னாலும் அவன்கிட்ட ஒரு பதில் இருக்கும், அவன் வார்த்தைக்காரன். ஒரு பேட்டியில சொன்னானே, இந்த நாவல்ல ஒரு வரிகூடக் கற்பனை இல்ல, அத்தனையும் நான் பட்டதுன்னு. குறிப்பா அந்தக் கடைசி அத்தியாயம், அதை எழுதிட்டு மூணு நாள் எழுந்திருக்கலையாம். அம்மா அவன் மடியில தலை வச்சு, பாபு வந்துட்டானா பாபு வந்துட்டானான்னு அவன் பேரைச் சொல்லிக்கிட்டே போற இடம். நாவல்லயும் அந்தப் பேரை மட்டும் மாத்தல அவன். நடுவர் ஒருத்தர் எழுதியிருந்தார், அந்த ஒரு வரிக்காகவே பரிசு குடுக்கலாம்னு. அந்த வரி. அட, அந்த வரி.

அந்த வரி என்னோடதுல்ல? அம்மா செத்த அன்னிக்கு அவன் மத்தியானம் கார்ல வந்து இறங்கினான், அம்மாவை வீட்டுக் கூடத்துல கிடத்தியிருந்தோம், ஓடி வந்து கால்ல விழுந்து, என்னைக் கேட்டுச்சாக்கா, கடைசியா என்னைக் கேட்டுச்சாக்கான்னு கதறினான். என்ன பண்றது, தம்பியாச்சே, உயிரோட முகத்தைக்கூடப் பாக்க முடியலையேன்னு துடிக்கறானே. உன் பேரைச் சொல்லிக்கிட்டேதான்டா போச்சு, பாபு வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே போச்சுன்னு சொன்னேன். சும்மா வாயில வந்தது. அம்மா அப்படிச் சொல்லல. அம்மாவுக்குக் கடைசி மாசத்துல பாபுன்னு ஒருத்தன் இருக்கறதே நினைப்புல இல்ல. விடிகாலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அம்மா சொன்னது வேற. தெளிவாச் சொல்லிச்சு, அத்தனை நாள் குழறின நாக்கு அப்ப குழறல. அதை இப்ப நினைக்க மாட்டேன். நினைச்சா கண் கலங்கும், இப்பக் கலங்கக் கூடாது. கை தட்டறாங்க. மாடு பேசி முடிச்சுடுச்சு, ஏற்புரையும் ஆச்சு. அடுத்து, வாசகர் வட்டத்தின் துணிச்சலான குரல், குமுதவல்லி அம்மா அவர்கள்.

படி ஏறறப்ப முட்டி வலிக்குது. பொன்னாடை போத்தறாங்க, ஜரிகை கழுத்துல குத்துது, போட்டோக்காரர் இப்படிப் பாருங்கம்மாங்கறார். பாபு எழுந்து கும்பிடறான், யாரோ வேத்து மனுஷியைக் கும்பிடற மாதிரி. நல்லவேளை அப்படிக் கும்பிட்டே, இல்லாட்டி இளகியிருப்பேன். மைக் ரொம்ப உசரமா இருக்கு, தணிகாசலம் சார் வந்து இறக்கிவிட்டார். எழுதி வச்சிருந்த தாளைப் பிரிக்கவே இல்ல. வணக்கம்னேன். எனக்கே கேக்கற அளவுக்குக் குரல் தெளிவா இருந்துச்சு. இந்த அஞ்சு நாவல்ல உங்களுக்குப் பரிசு குடுக்கணும்னு இருந்தா, நின்னுக்கிட்டே இருக்கற அந்தப் பொண்ணுங்களுக்குக் குடுங்க, முன்னுரையை விட்டுட்டு நாவலைப் படிங்க, அது ஒண்ணு. ரெண்டாவது, ‘ஈரத்துணி’யில புடவை மாத்தற அத்தியாயம் பொய். அந்த அம்மா பேரு ராஜாமணி, உறையூர்ல இருந்தாங்க, மகன் குரல் கேட்டா போர்வையைத் தேடுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா துடைச்சது நான், அவங்க என் அம்மா. எழிற்கனல் என் தம்பி. சுகந்தி பாதி எழுந்து நிக்கறா. பாபு சிரிக்கறான், நான் நினைச்ச அதே சிரிப்பு, ஏற்புரையை மனசுக்குள்ள ஆரம்பிச்சுட்டான், புனைவுன்னு அந்த உதடு இப்பவே எழுத்துக் கூட்டுது. அவன் பக்கம் திரும்பி நின்னேன். மைக்கை விட்டு விலகல. கடைசி அத்தியாயம் பிரமாதம்டா பாபு, இந்த அஞ்சு நாவல்லயும் அதுதான் நல்ல கற்பனை. ஆனா அது உன் கற்பனை இல்ல, என்னுது. அம்மா உன் பேரைச் சொல்லல. நீ அழுதியேன்னு நான்தான் சொன்னேன். நன்றின்னு சொல்லிட்டு இறங்கினேன்.

இறங்கி வந்து என் நாற்காலியில உக்காந்தேன். பொன்னாடையைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டேன். ஏற்புரைன்னு தணிகாசலம் சார் சன்னமாச் சொன்னார். பாபு எழுந்து மைக் கிட்ட வந்தான். கையைக் கூப்பல. தலைவணங்கறேன்னு சொல்லல. நடுவர்ங்க பாக்கறாங்க, அவன் அவங்களைப் பாக்கல, பொண்டாட்டியையும் பாக்கல, என்னைத் தேடிக்கிட்டே இருந்தான், கண்டுபிடிச்சான். அக்கான்னான். மைக்ல. அத்தனை பேர் முன்னாடி. முன்னூறு பக்கத்துல ஒரு தரம்கூட வராத வார்த்தை. அக்கா, அப்ப அம்மா என்னதான்க்கா சொல்லிச்சு? குரல் உடைஞ்சுபோய் வந்துச்சு, நடிப்பு இல்ல, எனக்கு அவன் அழுகை தெரியும், சின்ன வயசுலேர்ந்து தெரியும். ஹால் பூரா திரும்பி என்னையே பாக்குது. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சொன்னா ரெண்டாம் பதிப்புல போட்டுடுவான். எழுந்து நின்னேன். மைக் தேவைப்படல.

“அது உனக்குச் சொன்னதில்லடா பாபு,”ன்னேன்.